மீராசா காக்காவின் இடது பக்கம்

போன கிழமை சின்னவள் என்னைக் கட்டாயப்படுத்தி ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போன கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பெரிதாக ஒரு வருத்தமும் இல்லை. படி ஏறினால் இளைக்கிறது, அவ்வளவுதான். இந்த வயதில் படியைக் குறை சொல்லலாமே தவிர ஆளைக் குறை சொல்லக்கூடாது என்று எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை.

அங்கே ஒரு சின்னப் பிள்ளை. டொக்டர்தான், ஆனாலும் சின்னப் பிள்ளை. என் விலாவுக்குக் கீழே குளிர்ந்த பசை ஒன்றைப் பூசி, ஒரு கருவியை வைத்து அழுத்தி, "அங்கிள், நல்லா மூச்சை இழுங்க" என்றாள். இழுத்தேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். வளைந்த வெள்ளைக் கோடு ஒன்று மெல்லக் கீழே இறங்கியது. மூச்சை விட்டதும் மேலே போனது.

"இதுதான் அங்கிள் உங்கட டயபிரம்."

தெரியும் என்றேன். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற சதைத் தட்டு. நீங்கள் பள்ளிக்கூடத்தில் பிரிமென்றகடு என்று வாய் நோகப் பாடமாக்கியது. அது இறங்கினால் நுரையீரல் விரியும், ஏறினால் சுருங்கும். இதை நான் சொல்வேன் என்று அந்தப் பிள்ளை எதிர்பார்க்கவில்லை.

"அங்கிள் மெடிக்கல் லைனா?"

"ஓம். கொஞ்சக் காலம் யன்னல் மூடினனான்."

சின்னவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது பகிடி இல்லை, பிள்ளைகளே. என் உத்தியோகத்தில் முதலாவது கடமை அதுதான்.

அந்தப் பசைக்கு ஒரு மணமும் இல்லை. ஆனால் திரையில் அந்தக் கோடு அசைந்ததும் எனக்குப் பூச்சி உருண்டை மணத்தது. அலுமாரியில் சேலைக்குள் போடுகிறோமே, அதே வெள்ளை உருண்டை. ஏனென்றால் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, நான் வேலை பார்த்த நெஞ்சு நோய்க் கிளினிக்கில், எக்ஸ்ரே அறையை இருட்டாக்க யன்னல்களை மூடியது கறுப்புச் சீலையால் அல்ல, சாம்பல் நிறக் கம்பளியால். நோயாளர் கட்டிலுக்கு வந்த கம்பளிகள். திருகோணமலை வெக்கையில் யார் கம்பளி போர்ப்பார்கள்? ஆகவே அவை யன்னலுக்குப் போயின. அந்துப்பூச்சி அரிக்காமல் மடிப்புக்கு மடிப்பு பூச்சி உருண்டை. அறை முழுக்க அந்த மணமும், சூடேறின தூசியின் மணமும். நெஞ்சு நோய்க்காரரை அதற்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம். இருமாமல் வந்தவரும் இருமுவார்.

கணக்கில் சித்தியெய்தாமல் கிளிவெட்டியில் வயலைப் பார்த்துக்கொண்டு இருந்த எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பது வேறு கதை. அதை உங்கள் அம்மாவிடம் கேட்காதீர்கள், அவள் கூட்டிச் சொல்லுவாள். எக்ஸ்ரே அறை உதவியாள் என்று பெயர். யன்னலைக் கம்பளியால் அடைப்பது, ஆட்களைச் சட்டை கழற்றி நிறுத்துவது, மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்லுவது. இந்த மூன்று சொல்லுக்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது.

அங்கே இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த, சத்தம் போடாத மனிதர். அவருக்கு எக்ஸ்ரே படத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. "நிண்ட படத்தில என்ன விளங்கும்? ஓட்டத்தையெல்லோ பாக்க வேணும்" என்பார். ஓட்டம் பார்ப்பது என்றால் ஸ்கிரீன் பண்ணுவது. ஆளின் முதுகுப் பக்கமாகக் கதிர் வரும். நெஞ்சுக்கு முன்னால் ஒரு பலகை. கதிர் பட்டால் அந்தப் பலகை பச்சையாக மினுங்கும். அந்தப் பச்சைக்குள் விலா எலும்பும், துடிக்கிற இதயமும், அதற்கு இரண்டு பக்கமும் விரிந்து சுருங்குகிற நுரையீரலும் தெரியும். உயிருள்ள ஆளின் உள்பக்கம், அந்த நிமிடத்தில் நடப்பது நடப்பதாக. நான் முதன்முதல் பார்த்த அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆனால் அந்த வெளிச்சம் மின்மினிப் பூச்சியின் வெளிச்சத்தைவிட மங்கல். வெயிலில் நின்ற கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அதற்காக டொக்டர் வேலை தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முந்தியே ஒரு சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார். ஓரமெல்லாம் தோலால் மூடின, கடலுக்கடியில் படம் எடுக்கிறவர்கள் போடுவது போன்ற ஒன்று. நேரத்தை மிச்சம் பிடிக்க அதை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். வழியில் இராணுவத்தின் காவல் சென்றி இருந்தது. சண்டைக் காலம். சிவப்புக் கண்ணாடி போட்ட தமிழர் ஒருவர் சைக்கிளில் வந்தால் இராணுவம் என்ன நினைக்கும்? கழற்றச் சொன்னார்கள். கழற்றினால் அரை மணித்தியாலம் வீண் என்று டொக்டர் அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் கண்ணைக் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினார். சிப்பாய்க்கு விளங்கியது கண்ணோய் என்பது மட்டும். அவன் இரண்டு அடி பின்னுக்குப் போய், போ போ என்று கை காட்டினான். அதற்குப் பிறகு அந்தச் சென்றியில் எங்கள் டொக்டரை ஒருவரும் கிட்ட வந்து சோதித்ததில்லை. அவர் அடையாள அட்டையை நீட்டினாலும் வாங்க மாட்டார்கள்.

அடையாள அட்டை என்றதும் மீராசா காக்காவுக்கு வந்துவிட்டேன். உண்மையில் அவரைப் பற்றிச் சொல்லத்தான் தொடங்கினேன்.

அவர் மூதூர் முஸ்லிம், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். குடாவைக் கடந்து லோஞ்ச் படகில் வந்தார். அகன்ற தோள், வெயிலில் செம்பட்டையான தாடி. வரிசையில் இருந்த எல்லாரும் இருமிக்கொண்டிருக்க, இவர் மட்டும் இருமாமல், கோபமாக இருந்தார். முறை வந்ததும் டொக்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுச் சொன்னார்:

"டொக்டர், எனக்கு நெஞ்சு பழுதெண்டு ஒரு துண்டு எழுதித் தாங்க."

"என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யல்ல. நல்லாத்தான் இருக்கு. அதுதான் கரச்சல்."

விசயம் இதுதான். மீராசா காக்கா சங்கு குளிக்கிறவர். காலில் கல்லைக் கட்டி, மூச்சைப் பிடித்து, கடலின் அடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கிக்கொண்டு வருகிறவர். அந்தக் கரையில் அவரைப் போல் நேரம் நிற்க ஆளில்லை. முன்னொரு காலம் அடையாள அட்டைக்கு விபரம் எடுக்க வந்தபோது, தொழில் என்ன என்று கேட்டார்கள். கரையில் இருந்த அத்தனை பேரும் மீன்பிடி என்று கொடுத்தார்கள். இவர் மட்டும், நான் தூண்டில் போடுகிறவன் இல்லை, சுழியோடி, அப்படியே எழுது என்று நின்று எழுதுவித்தார். எழுதின ஆள் மீன்பிடி என்றால் லேசு என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். இவர் விடவில்லை.

பிறகு சண்டை வந்தது. துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்கள். அவற்றுக்குத் தண்ணீருக்கு மேலே வருகிற ஆளில் இருந்த பயத்தைவிடத் தண்ணீருக்குக் கீழே வருகிற ஆளில் இருந்த பயம் கூட. யாரும் நீருக்கடியில் வந்து கப்பலுக்குக் குண்டு வைக்கக்கூடாது என்று துறைமுகத் தண்ணீருக்குள் வெடி போடுவார்கள். பகல் முழுக்க நிலத்துக்குள் யாரோ உலக்கை போடுவது போல் ஒரு சத்தம் வரும். கிளினிக் யன்னல் அதிரும். ஸ்கிரீனில் நிற்கிற நோயாளர் பயந்தால் டொக்டர், "அது வெளியில. உங்கட நெஞ்சில இல்லை" என்று சொல்லுவார்.

இப்படியான ஊரில், தொழில் சுழியோடி என்ற அட்டையை வைத்துக்கொண்டு கடலுக்குப் போகப் பாஸ் கேட்டால் யார் கொடுப்பார்கள்? சங்கு குளிக்கத் தடை, சரி. தூண்டில் போடக்கூட அவருக்குப் பாஸ் இல்லை. தோப்பூரில் வயல் வேலைக்குப் போனார். அறுப்பு முடிந்ததும் அதுவும் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள், அடுப்பு ஒருநாள் விட்டு ஒருநாள் எரிந்தது. பாஸ் கொடுக்கிற இடத்தில் இருந்த ஒருவர்தான் இரங்கி வழி சொன்னார்: உனக்கு இனிச் சுழியோட ஏலாது என்று ஒரு டொக்டர் எழுதித் தந்தால், தூண்டிலுக்குப் பாஸ் தரலாம்.

டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "பாக்காமல் நான் எழுத மாட்டன்" என்றார்.

"பாத்தா நீங்க எழுத மாட்டீங்க டொக்டர். என்ட நெஞ்சு அப்பிடி."

"எதுக்கும் பாப்பம்" என்று டொக்டர் சிவப்புக் கண்ணாடியை எடுத்தார்.

நான் கம்பளியை இறக்கிக் கதவைச் சாத்தினேன். கண் பழகும்வரை மூன்று பேரும் இருட்டில் இருந்தோம். வெளியே பட்டப்பகல், காகம் கத்துகிறது. உள்ளே பூச்சி உருண்டையும் மீராசா காக்காவின் குரலும். பொய்த்துண்டு கேட்டு வந்த மனிதர், இருட்டில் ஆள் முகம் தெரியாததாலோ என்னவோ, தன் நெஞ்சின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார். மூச்சை முட்ட நிரப்பிக்கொண்டு போகக்கூடாது, கடல் தூக்கிவிடும், கொஞ்சத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவன் பயந்துபோய் அழத் தொடங்கின பிறகுதான் தான் எழும்புவது வழக்கம் என்றார். டொக்டர் இடையிடையே கேள்வி கேட்டார். மூச்சு முடிகிறது என்பது முதலில் எங்கே தெரியும், நெஞ்சிலா, வயிற்றிலா என்று. அவருக்கு இதெல்லாம் பலகாரம் மாதிரி. எனக்கு ஒரே யோசனைதான்: இந்த மனிதன் இப்படியே கதைத்தால் துண்டு கிடைக்காது, பிள்ளைகள் பட்டினி.

கண் பழகியதும் அவரைப் பலகைக்குப் பின்னால் நிறுத்தினேன். டொக்டர் ஈய அங்கியை மாட்டினார், எனக்கும் ஒன்று. அது தோளில் அரை மூட்டை நெல்லைத் தொங்கவிட்ட பாரம். இயந்திரம் உறுமியது. பச்சை வெளிச்சம் வந்தது.

"மூச்சை இழுங்கோ" என்றார் டொக்டர், நான் சொல்லுமுன்னமே. "விடுங்கோ. இன்னொருக்கா."

பலகைக்கு இன்னும் கிட்டக் குனிந்தார். பிறகு, "மூக்கை ஒருக்கா உறிஞ்சுங்கோ, தடிமன் வந்த மாதிரி" என்றார். மீராசா காக்கா உறிஞ்சினார். நானும் எட்டிப் பார்த்தேன். வலது பக்கத்தில் அந்த வளைந்த தட்டு, அலையில் இறங்குகிற வள்ளம் போலச் சடக்கென்று இறங்கி ஏறியது. அவ்வளவு பெரிய இறக்கத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. இடது பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கரையில் கிடக்கிற கல்லைப் போல அது சும்மா இருந்தது.

டொக்டர் இயந்திரத்தை நிற்பாட்டினார். சின்ன வயதில் பெரிய காய்ச்சல் ஏதும் வந்ததா என்று இருட்டுக்குள் கேட்டார். ஒரு மாரி முழுக்கப் பாயில் கிடந்ததாக உம்மா சொல்லுவா என்றார் அவர். அப்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டியிருக்கும், அது வற்றும்போது இடது நுரையீரல் விலாவோடும் அடித்தட்டோடும் ஒட்டிப்போய்விட்டது, அது விரிகிறதில்லை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அவர் குரலில் சந்தோசம். பொய் எழுதத் தேவையில்லை, பிள்ளைகளுக்கும் சோறு. அதோடு பெரிய வியப்பு வேறு. "இவ்வளவு காலமும் நீங்கள் ஒரு பக்கத்தாலதான் இறங்கியிருக்கிறீங்கள்" என்றார். அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார்.

மீராசா காக்கா தன் இடது விலாவைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"மெசின் பழுதாயிருக்கும்" என்றார் கடைசியில்.

டொக்டர் கோபிக்கவில்லை. என்னைப் பலகைக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். என்னுடையது இரண்டு பக்கமும் ஒழுங்காக ஆடியது என்று இருவரும் பார்த்துச் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"தம்பி, நீங்க நீந்துவீங்களா?" என்று இருட்டில் கேட்டார் மீராசா காக்கா.

"இல்லை காக்கா."

"கிணத்துல வாளி விழுந்தா?"

"பாதாளக் கரண்டி போட்டுத்தான் எடுப்பம்."

"பாருங்க டொக்டர். இந்த ஆளுக்கு ரெண்டும் ஆடுதாம்."

தன் நெஞ்சைத் தானே பார்த்தால்தான் நம்புவேன் என்றார். பலகைக்குப் பின்னால் நிற்கிற ஆளுக்குப் பலகையின் முன்பக்கம் தெரியாதே. டொக்டர் யோசித்துவிட்டு, தாதிமார் அறையில் தலை வாருகிற கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். அதைத் தூக்கி அவருக்கு நேரே பிடித்தேன். பச்சை வெளிச்சம் வந்தது. மூச்சை இழுத்தார். விட்டார். திரும்ப இழுத்தார். ஒருவரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். போதும் என்று டொக்டர் நிற்பாட்டும்வரை உறிஞ்சிக்கொண்டே நின்றார்.

"மத்த ஆக்களுக்கு ரெண்டு பக்கமும் இப்பிடி ஆடுமா?"

"ஓம்."

"அப்ப ஏன் டொக்டர் அவங்க எனக்கு முந்தி எழும்பினவங்க?"

டொக்டர் கம்பளியைத் தூக்கச் சொன்னார்.

கம்பளியைத் தூக்கியதும் மூன்று பேருக்கும் கண் கூசியது. டொக்டர் துண்டை எழுதினார். மீராசா காக்கா அதை வாங்காமல் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றுமில்லாததை உண்டென்று எழுதித் தந்திருந்தால் சிரித்துக்கொண்டு வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். கடைசி லோஞ்சுக்கு நேரமாகிறது என்று நான் சொன்னேன். மடித்துச் சாரத்தின் மடிக்குள் செருகிக்கொண்டு போனார்.

பாஸ் கிடைத்தது. துண்டை வாசித்தவர்களில் ஒருவர் மூதூர் ஆள். ஆகவே மீராசா காக்கா லோஞ்சில் இருந்து இறங்குமுன்னமே செய்தி இறங்கிவிட்டது. அந்த ஊர் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? ஒத்தநெஞ்சர் என்று பட்டம் வைத்தார்கள். ஆனால் அடுப்பு ஒவ்வொரு நாளும் எரிந்தது. இரண்டொரு தரம் பாரை மீனை ஓலைப் பையில் கட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். டொக்டருடைய முகத்தைப் பார்க்காமல் என் கையில் தந்துவிட்டுப் போனார்.

டொக்டர் மாற்றலாகிப் போகிற அன்று, சாமான் கட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "அந்தச் சுழியோடிக்கு முகக்கண்ணாடி காட்டாமல் விட்டிருக்கலாமோ?"

"பிள்ளையளுக்குச் சாப்பாடு கிடைச்சதுதானே டொக்டர்."

"நான் அதைக் கேக்கேல்லை" என்றார். சிவப்புக் கண்ணாடியைப் பெட்டியில் போட்டுக் கட்டினார். அவரை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

இடையில் சண்டை நின்றிருந்த மாதங்களில் தடை தளர்ந்தது. இளந்தாரிகள் திரும்பச் சங்குக்கு இறங்கினார்கள். அந்த நாட்களில் தோப்பூர்ப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்குப் போகிற வழியில் மூதூர்க் கரையில் மீராசா காக்காவைக் கண்டேன். வள்ளத்தில் இருந்தார். கையில் கயிறு. கீழே வேறு யாரோ. அவன் எழும்பி வள்ளத்தைப் பிடித்ததும் கரைக்கு வந்து என்னோடு இருந்தார்.

"நீங்க இறங்கல்லையா காக்கா?"

"இறங்கினன் தம்பி. பாதியில இடது பக்கம் ஞாபகம் வந்திட்டு."

தேத்தண்ணி வாங்கித் தந்தார். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அங்கிருந்த எல்லாருக்கும் சொன்னார்.

இப்போது லோஞ்ச் இல்லை, பாலத்தால் பஸ் போகிறது. கிளினிக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கம்பளிகள் எங்கே போயின என்று தெரியாது. அந்தப் பச்சை வெளிச்சம் எந்த ஆசுபத்திரியிலும் இல்லை. இனிமேல் யாரும் இன்னொருவரின் மூச்சைப் பார்ப்பதற்காகப் பகலில் இருட்டறைக்குள் காத்துக்கொண்டு இருக்கப்போவதில்லை. மூதூர்க் கரையில் மூச்சைப் பிடித்து இறங்குகிறவர்களும் இல்லை. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். கயிறு பிடிக்கிறவன் அழத் தேவையில்லை, கயிறே இல்லை.

போன வருடம் அந்தக் கரையில் சிலிண்டர் கழுவிக்கொண்டிருந்த ஒருவன் மீராசா காக்காவின் மகன் என்று தெரியவந்தது. வாப்பா மவுத்தாகிக் கன காலம் என்றான். நெஞ்சு வருத்தமா என்று கேட்டேன். இல்லை, சீனி வருத்தம், காலில் புண் ஆறவில்லை என்றான். பிறகு, நான் கேட்காமலே, கையில் இருந்த வேலையை நிற்பாட்டிவிட்டுச் சொன்னான்:

"வாப்பாட நெஞ்சு ரெண்டு பக்கமும் கடைசி மட்டும் நல்லாத்தான் இருந்த. அந்த ஆள மாதிரி இறங்க இந்தக் கரையில ஆளில்ல."

"ஓம் தம்பி" என்றேன். "நான் பார்த்தனான்."